இரண்டாவது ஓட்டை

சந்தவாசல் மோகன் பட்டறை என்றால் ஜவ்வாது மலையில் ஜீப் ஓட்டுகிற அத்தனை பேருக்கும் தெரியும். புது வண்டி எடுத்தால் நம்பர் பிளேட்டை அவன் கையால்தான் மாட்ட வேண்டும். அவன் மாட்டிய வண்டி ஒன்றுகூட இதுவரை பள்ளத்தில் உருண்டதில்லையாம். கைராசி! மோகனுக்கும் அந்தப் பேர் மீது கொள்ளை ஆசை. வெளியே மட்டும், "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்று கூச்சப்படுவான்.

அன்று காலை கோவிந்தன் புது ஜீப்பைக் கழுவி, எலுமிச்சம்பழமும் குங்குமமுமாகக் காத்திருந்தான். அந்த நேரம் பார்த்துத் தரையோடு தரையாக ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றது. இறங்கியவள் புஷ்ரா, வாணியம்பாடித் தோல் வியாபாரக் குடும்பத்துப் பெண். மலைமேல் தோழி சசிகலாவுக்கு வளைகாப்பு. முன்னால் நம்பர் இல்லையென்று செக்போஸ்ட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"பிளேட் டிக்கியிலதான் கெடக்குதுண்ணா, ரெண்டு வருஷமா. வண்டி மூஞ்சில ஓட்டை போட மனசே வரல. உங்களுக்குக் கைராசின்னு சொன்னாங்க. போடுங்க, நான் பாக்க மாட்டேன்." டீக்கடைப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றாள்.

"இன்னாபா, கொழந்தைக்குக் காது குத்துற மாதிரி பயப்படுது!" என்று சிரித்துவிட்டு கோவிந்தன் செல்போனை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனான்.

ஜீப்புக்கு முன்பக்கம் கெட்டி இரும்பு. நெஞ்சைக் கொடுத்து அழுத்தினால்தான் டிரில் இறங்கும். இருபது வருஷப் பழக்கம், இங்கேயும் மோகன் நெஞ்சைக் கொடுத்தான். இதுவோ பிளாஸ்டிக் பம்பர்! பொசுக்கென்று முழு பிட்டும் உள்ளே போயிற்று. ஸ்ஸ்ஸ் என்று சில்லென்ற காற்று விரலில் அடித்தது. பம்பருக்குப் பின்னால் இருந்த, ஏசி கேஸ் ஓடுகிற கண்டன்சரைக் குத்திவிட்டான்.

அடப் பாவி, என்ன காரியம் செய்தாய் என்று தன்னையே திட்டிக்கொண்டான். சத்தம் அடங்கிவிட்டது, யாரும் பார்க்கவில்லை. மலைமேல் குளிர், ஏசி போட மாட்டாள். ஊர் திரும்பிய பிறகு தெரிந்தாலும் இதற்கும் அதற்கும் முடிச்சுப் போடத் தோன்றாது. சொன்னாலோ, கோவிந்தன் வாயில் விழுந்து சாயங்காலத்துக்குள் மலை முழுக்கப் பரவிவிடும். அப்புறம் ஏது கைராசி?

பிளேட்டை மாட்டி மறைத்துவிடலாம் என்று போல்ட்டைக் கையில் எடுத்தான். அவள் இன்னும் திரும்பவில்லை. துப்பட்டா முனையைக் கடித்தபடி நின்றாள். அவ்வளவு நம்பி முதுகைக் காட்டி நிற்பவளை ஏமாற்ற அவனுக்கு மனம் வரவில்லை.

"கொஞ்சம் வாங்கம்மா. தப்புப் பண்ணிட்டேன். ஏசியக் குத்திட்டேங்க, கேஸ் பூரா போயிடுச்சு. நானே மாத்தித் தர்றேன்."

"இதுக்குத்தாண்ணா ரெண்டு வருஷமா பயந்தேன்!" புஷ்ராவின் கண் கலங்கிவிட்டது.

சத்தம் கேட்டு வந்த கோவிந்தன் குனிந்து ஓட்டையைப் பார்த்தான். எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"நான் போளூர்ல போயி மாட்டிக்கிறேன் மோகனு. தப்பா நெனச்சிக்காத, புது வண்டி."

ஜீப் கிளம்பிப் போயிற்று. இருபது வருஷப் பேரும் அதோடு போவதை மோகன் பார்த்துக்கொண்டே நின்றான்.

புஷ்ரா ஜீப் போன திசையைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"அவரு இங்க இருக்காருன்னு தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"ஆமாங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழே கிடந்த டிரில்லை எடுத்து நீட்டினாள்.

"இன்னொரு ஓட்டை பாக்கி இருக்குல்லண்ணா? போடுங்க. இந்தத் தடவ நான் பாத்துக்கினே நிக்கிறேன்."

மோகன் பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி, நுனி மட்டும் தெரியும்படி பிட்டில் மாட்டினான். இனி அதற்கு மேல் உள்ளே இறங்காது. பிளேட் ஆடாமல் அவள் பிடித்துக்கொண்டாள்.