எலும்பு பொறுக்க வரலாமா?

புக்கிட் பெலிம்பிங் வாடகை வீட்டைச் சுற்றிலும் சிமெண்டுத் தரை. செத்துப்போன ‘பூச்சி’ என்ற நாயைப் புதைக்க இடமில்லை. துளசிதான் போனில் தேடி, நாய்களை எரித்துச் சாம்பல் தரும் ஆளை வரவழைத்தாள். அவர் வேன் கதவைத் திறந்ததும் உள்ளே வேறு நாய்களின் மூன்று மூட்டைகள் தெரிந்தன.

“அங்கிள், பூச்சிய தனியாத்தானே எரிப்பீங்க?”

“தனியாத்தான் லா.”

தாத்தாவை எரித்த மறுநாள் எல்லாரும் போய்ப் பால் தெளித்து எலும்பு பொறுக்கியது நினைவுக்கு வந்தது.

“அப்போ நாளைக்கு எலும்பு பொறுக்க வரலாமா?”

“நாய்க்கா?” அவர் சிரித்தார். “அதெல்லாம் முடியாது மா. பவுடரா வீட்டுக்கே வந்துரும்.”

யாருடைய பவுடர்? துளசி துண்டில் சுற்றிய பூச்சியை இறுக அணைத்துக்கொண்டாள். கொடுக்கவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

“கொடுத்துரு மா. நீதானே இவரத் தேடிப் பிடிச்ச?” என்றார் அப்பா. “வெயில் ஏறுது.”

“பொறுக்க விடமாட்டேங்கிறாருப்பா.”

அப்பா அந்த மூட்டைகளைப் பார்த்தார். “நீங்க போங்க தம்பி,” என்றார். மீன் பெட்டியில் ஐஸ் கொட்டிப் பூச்சியைக் கிடத்தினார். “கரையறதுக்குள்ள வேற ஆளத் தேடு. அதையே மொதல்ல கேளு.”

இரண்டு பேர் மறுத்துவிட்டார்கள். ஐஸ் பாதி தண்ணீராகிவிட்டது. சுங்கை பெசாரில் ஒரு பெண் போனை எடுத்தாள். துளசி முதலில் அதையே கேட்டாள்.

“வாங்க மா. பால் கொண்டார மறந்துராதீங்க.”