எனக்குப் போட்ட இலை

என் நெற்றியில் பசை வழிந்துகொண்டிருக்கிறது, தெருமுனைச் சுவரில் கண்ணீர் அஞ்சலி என்ற கொட்டை எழுத்துக்குக் கீழே நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன், சிரிப்புக்குக் கீழே செண்பகவள்ளி என்று அக்காவின் பெயர், எதிரே பையும் கையுமாக நின்று என்னை நானே பார்க்கிறேன், திண்டுக்கல்லில் அக்காவை எரித்துவிட்டு, மாற்றுத்துணி இல்லாமல் அவள் சேலையையே கட்டிக்கொண்டு அப்போதுதான் மதுரை வந்து இறங்கியிருந்தேன், பசை வாளியோடு நின்ற குருநாதன், என் சித்தி மகன், நாக்கைக் கடித்துக்கொண்டான், நீ ஆஸ்பத்திரியில கெடந்தப்பவே உன் போட்டோவ எடுத்து வச்சிருந்தேன்க்கா, அவசரத்துல கை அதுக்கே போயிருச்சு, பேரு மட்டும் சரியாத்தான் போட்டிருக்கேன் என்றான். அவனை அறையவா, சிரிக்கவா. புற்றுநோய் வந்து மொட்டைத் தலையோடு நான் கிடந்த வருஷம் முழுக்க ஊரே என் சாவுக்குத் தயாராகியிருந்தது, நான்தான் ஒத்துழைக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து எனக்குக் கஞ்சி ஊட்டிய அக்கா, தலைவலிக்குக்கூட ஒரு மாத்திரை போட்டறியாதவள், படுத்தவள் படுத்தபடி போய்விட்டாள். கிழிச்சுப் போடுடா என்றேன், செத்தவங்க போஸ்டரக் கிழிக்கக் கூடாதுக்கா, மழை பேஞ்சாத் தானாப் போயிரும் என்றான், டீக்கடைக்காரர் போஸ்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உனக்கு ஆயுசு கெட்டி தாயி என்றார்.

கெட்டிதான், அதை அம்மாவிடம் யார் சொல்வது. இடுப்பு உடைந்து கட்டிலோடு கிடப்பவளிடம் அக்கா போன சேதியைச் சொல்லத் தைரியம் வராமல், சித்தியைத் துணைக்கு வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லி விடிகாலையிலேயே கிளம்பிப் போயிருந்தேன், அதற்குள் இந்தப் புண்ணியவான் எங்கள் சன்னலுக்கு எதிரிலும் ஒன்றை ஒட்டிவிட்டான், எழுத்துப் படிக்கத் தெரியாத அம்மா, புரை விழுந்த கண்ணால் என் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு எனக்காக மாரடித்து அழுது ஓய்ந்திருந்தாள், நான் வாசலில் வந்து நிற்கிறேன், சேலை அக்காவுடையது, மருந்துக்குப் பின் சுருள் சுருளாக முளைத்த முடியும் அக்காவுடையதைப் போலவே, அம்மா நிமிர்ந்து பார்த்துக் கேட்கிறாள், வந்துட்டியா செம்பகம், தங்கச்சிய நல்லபடியா அனுப்பி வச்சியா. என் வாய் திறந்ததுதான் தாமதம், சித்தி பின்னாலிருந்து கையைக் கிள்ளினாள், வேணாம்டி, ஒரே நாளுல இன்னொரு சாவக் கேட்டா அவ உசுரு நிக்காது என்று காதோடு சொன்னாள். அனுப்பி வச்சுட்டேன்மா என்றேன்.

ஒரு நாள் பொறுக்கலாம் என்றுதான் நினைத்தேன், அது வாரமாகி மாதமாகிறது, அம்மா கேட்டாளே என்று என் படத்துக்கு நானே ஆணி அடித்து மாலை போடுகிறேன், செம்பகம் என்று கூப்பிட்டால் அக்காவின் குரலில் என்னம்மா என்கிறேன், அவளைப் போலவே இடது காலை லேசாக இழுத்து நடக்கிறேன், யாரும் நடக்கச் சொல்லவில்லை, கால் தானாக நடக்கிறது, முகம் கழுவி நிமிர்ந்தால் கண்ணாடியில் அக்கா நிற்கிறாள், நான் நகர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போகிறாள், தங்கச்சி எங்கே என்று அவளிடமே கேட்கலாம் போல வாய்வரை வருகிறது. செத்தவள் பேரை நான் சுமப்பதுகூடப் பெரிதில்லை, அக்காவுக்காக அழ இந்த வீட்டில் ஓர் ஆள் இல்லை, அவள் உயிரோடு இருக்கிறாளே, எப்படி அழுவது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சின்னவளுக்கு ஒரு இலை போடு என்றாள் அம்மா, எனக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, பக்கத்தில் ஒரு அவிச்ச முட்டை, அக்காவோ கருவாட்டு வாடைக்கே மூக்கைப் பொத்துகிறவள், அதனால் நான் தொடக்கூடாது, படத்துக்கு முன்னால் படைத்துவிட்டுக் கதவைச் சாத்தி, செத்தவர்கள் வந்து சாப்பிட நேரம் கொடுத்து வெளியே காத்திருப்பது எங்கள் வழக்கம். நாக்கு கேட்கவில்லை, முதல் ஞாயிறு அம்மா கண்ணயர்ந்ததும் உள்ளே நழுவி என் படையலை நானே தின்றேன், வழித்த இலையைக் கட்டிலுக்குக் கொண்டுவந்து காட்டியதும் அம்மாவின் முகம் மலர்ந்ததை என்னவென்று சொல்ல, பாத்தியா செம்பகம், வந்து சாப்பிட்டுட்டுப் போயிருக்கா, ஆஸ்பத்திரியில ஒரு வாய் எறங்கலையே அவளுக்கு என்றாள், மனசைப் பூட்டியே வைத்திருந்த மனுஷி, உயிரோடு இருக்கும்போது என்னிடம் ஒரு வார்த்தை இப்படிச் சொன்னவளில்லை. செத்த பிறகுதான் எனக்கு ஒரு அம்மா கிடைத்தாள், ஒவ்வொரு ஞாயிறும் களவாகப் போய்த் தின்றேன், தின்னத் தின்ன உடம்பு கனமில்லாமல் போவதாகத் தோன்றியது, போகிற போக்கில் ஒரு நாள் கதவைத் திறக்காமலே உள்ளே போய்விடுவேனோ என்று பயந்தேன்.

போன ஞாயிறு அம்மா இத்தனை மாதத்தில் முதல் தடவையாகக் கட்டிலை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து இலைக்கு எதிரே நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள், நீ வெளிய இரு செம்பகம், நீ நின்னா அவ வரமாட்டா, அவ மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டா எனக்குப் போதும் என்றாள். கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கிறேன், நடு மத்தியானம், தெருவில் ஈ காக்கை இல்லை, உள்ளே அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள், மெதுவாக, குழந்தையைச் சோற்றுக்குக் கூப்பிடுகிற மாதிரி, வாடா, ஆறிப் போகுது வாடா, போகாவிட்டால் இன்றோடு நிஜமாகவே செத்தேன், போனால் அக்கா சாவாள், கூடவே அம்மாவும் போய்விட்டால். கால் இழுக்காமல் நேராக நடந்து உள்ளே போய் இலைக்கு முன் உட்கார்ந்தேன். வந்துட்டியா என்றாள், வந்துட்டேன்மா என்றேன், என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, அவள் குனிந்து கையைத் தேடிப் பிடித்தாள், பிடித்தவள் விடவில்லை, செத்தவளுக்குக் கை சுடுமாடி என்றாள். நான் சாகலம்மா. அப்ப அங்க எரிச்சது யார. அக்காவம்மா.

அம்மா கத்தவில்லை, மாரடிக்கவில்லை, உதடு மட்டும் செம்பகம் செம்பகம் என்று சத்தமில்லாமல் அசைந்தது, எனக்கு அப்போதுதான் பொங்கியது, அக்கா, அக்கா என்று வாய் விட்டேன், அம்மா இலையை என் பக்கம் தள்ளினாள். மொதல்ல நீ சாப்பிடு, அப்புறம் ரெண்டு பேருமாச் சேந்து அழுவோம் என்றாள்.