கோடு தாண்டாத வெயில்

வானொலி நிலையத்தின் குளிரூட்டிய அறையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, வெளியே எவ்வளவு வெயில் என்று நாட்டுக்குச் சொல்வதுதான் அவளுடைய வேலை. தெருவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வானிலைக்காரி என்றால் பால்காரருக்கும் தெரியும். சொல்லாமல் மழை வந்து துணி நனைந்தாலும் திட்டு அவளுக்குத்தான். "நேத்து வறண்ட வானிலைன்னு வாய் நிறையச் சொன்னியே, இந்தப் போர்வையை வந்து நீயே புழிஞ்சு போடு" என்பாள் எதிர்வீட்டுக்காரி.

அந்தத் திட்டெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான்: தினமும் வானிலை ஆய்வகத்திலிருந்து வரும் துண்டுத்தாளில் இருக்கும் எண்.

அந்த நாட்டில் வானத்துக்கு மூன்று கோடு போட்டிருந்தார்கள். ஒரே நாளில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் தாழ்வான தெருக்காரர்களை அரசாங்கம் மண்டபத்தில் தங்கவைத்துச் சாப்பாடு போட வேண்டும். குளிர் ஐந்து டிகிரிக்குக் கீழே இறங்கினால் தெருவில் படுப்பவர்களுக்கு அந்த மண்டபத்தைத் திறந்துவிட வேண்டும். நண்பகல் வெயில் நாற்பதைத் தொட்டால், வெளியில் வேலை பார்க்கிற எல்லோரையும் கூலி குறைக்காமல் நிழலுக்கு அனுப்ப வேண்டும். நல்ல சட்டம்தான். போட்டவர்களுக்கு விழா எடுத்தார்கள். அதற்குச் செலவாகும் என்பது விழாப் பந்தலைப் பிரித்த பிறகுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு அந்த நாட்டு வானம் ரொம்பவும் அடக்கமாகிவிட்டது.

மழைக்காலத்தில் ஒருநாள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வேலைக்கு வந்தாள். தாளில் ஒன்பது புள்ளி எட்டு சென்டிமீட்டர் என்று இருந்தது.

"சார், இது சரியா இருக்குமா? என் முழங்கால் வரைக்கும் தண்ணி நிக்குது."

நிலைய மேலாளர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "உன் முழங்கால் என்ன அரசாங்கக் கருவியா? வந்ததை வாசிம்மா."

வாசித்தாள். குரலில் ஈரம்கூட இல்லாமல் வாசித்தாள்.

குளிர்காலம் வந்தது. குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போனது. தாள் ஐந்து புள்ளி இரண்டு என்றது. அன்று காலை, பேருந்து நிறுத்தத்தில் படுக்கும் செருப்பு தைப்பவர் எழுந்திருக்கவில்லை. அவரைத் தாண்டித்தான் அவள் வேலைக்கு வந்திருந்தாள். தாளை நாலு தடவை திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. முன்பக்கத்தை வாசித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காற்றுக்காலத்தில் "மிதமான காற்று" என்று அவள் அறிவித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், ஆய்வகத்தின் பெயர்ப்பலகை பறந்து வந்து இரண்டு தெரு தள்ளி ஒரு முடிதிருத்தும் கடை வாசலில் விழுந்தது. கடைக்காரர் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கி மறுபடி மாட்டிக்கொண்டார்கள். மிதமான காற்றில் மாற்றம் எதுவும் இல்லை.

அந்த ஆண்டு ஒரு கோட்டைக்கூட வானம் தாண்டவில்லை. அதற்காக ஆய்வக இயக்குநருக்குக் கேடயம் கொடுத்தார்கள். மிதமான வானிலையைத் தானே தண்ணீர் ஊற்றி வளர்த்ததுபோல அவரும் கைகூப்பிப் பெற்றுக்கொண்டார். அவள் அந்தச் செய்தியையும் வாசித்தாள். சந்தேகம் மட்டும் செருப்புக்குள் மாட்டிய கல்லாக உறுத்திக்கொண்டிருந்தது. எடுத்து எறியவும் இல்லை, நின்று பார்க்கவும் இல்லை. நமக்கெதற்கு வம்பு என்று நொண்டிக்கொண்டே நடந்தாள்.

கோடை வந்தது. அவளுடைய தம்பி தகரக் கூரை போடுகிற வேலை பார்த்தான். ஒரு புதுக் கிடங்குக்குக் கூரை ஏறிக்கொண்டிருந்தது. மேஸ்திரி சாரத்தில் ஒரு வானொலிப் பெட்டியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் சுத்தியலை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொள்வார்கள். நாற்பது என்று வந்தால் இறங்கலாம். தினமும் முப்பத்தொன்பது புள்ளி எட்டுதான் வந்தது.

ஒருநாள் தம்பி தகரத்தின் மேலேயே மயங்கி விழுந்தான். இடுப்புக் கயிறு காப்பாற்றியது. சாயங்காலம் அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது தலையில் ஈரத்துணியோடு சுவரில் சாய்ந்திருந்தான். உள்ளங்கை இரண்டும் கொப்புளித்திருந்தது.

"வெயில் ஒண்ணும் அதிகமில்லக்கா" என்றான். "நீதானே சொன்ன, நாப்பதுகூட இல்லன்னு. என் உடம்புலதான் ஏதோ கோளாறு. சத்து மாத்திரை வாங்கிப் போடணும்."

அவள் அவனுடைய உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். தன் தோலைச் சந்தேகப்படுகிறான், தகரத்தைச் சந்தேகப்படவில்லை.

"நாளைக்குப் போகாதடா."

"போகலன்னா வேற ஆளைப் போட்டுடுவாரு. உன் குரலைக் கேட்டாத்தான் மேஸ்திரிக்கே தெம்பு. 'உங்கக்காவே சொல்லிட்டாங்கல்ல, ஏறுங்கடா'ங்கறாரு."

மறுநாள் காலை அவள் நிலையத்துக்குப் போகாமல் நேராக ஆய்வகத்துக்குப் போனாள். உள்ளே வெள்ளையடித்த மரப்பெட்டி ஒன்று திறந்த புல்வெளியின் நடுவில் நின்றது. வெப்பமானி இருக்கும் பெட்டி. படத்தில் பார்த்ததுபோலவேதான் இருந்தது. காலடியில் மட்டும் நான்கு சக்கரங்கள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோட்டக்காரர் வந்து, குழந்தை வண்டியைத் தள்ளுவதுபோல அதைத் தள்ளிக்கொண்டு போனார். நீரூற்றுக்குப் பக்கத்தில், பெரிய மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"எதுக்குண்ணே நகர்த்துறீங்க?"

"வெயில் ஏறுதுல்லம்மா. பெட்டி சூடாயிடும்." அவர் கள்ளமில்லாமல் சொன்னார். "குளிர்காலத்துல கேன்டீன் அடுப்புச் சுவரோரம். மழைன்னா, அந்த மழைமானியைத் தாழ்வாரத்துக்குக் கீழ வெச்சிருவோம். ஐயா உத்தரவு."

ஐயாவே வந்துவிட்டார். வானிலைக்காரி என்றதும் முகமெல்லாம் மலர்ந்தது. "உங்க குரல்ல கேட்டாத்தான் நம்ம எண்ணுக்கே ஒரு மரியாதைம்மா" என்றார்.

"சார், அந்தப் பெட்டியை நிழல்ல வெச்சா வெயிலை எப்படி அளக்கும்?"

மலர்ந்தது கூம்பியது. "உங்களை யார் அனுப்பினது?"

"யாரும் அனுப்பல. நானா வந்தேன்."

"நானா வந்தேன்னு சொல்றவங்கதான் எப்பவும் யாராவது அனுப்பி வர்றவங்க." அவர் வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது அரசாங்கச் சொத்தும்மா. அதைப்போய் வெயில்ல காய விடலாமா?"

தகரத்தின் மேல் காய்கிறவன் எந்தக் கணக்கில் வருகிறான் என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவர் அன்றைய தாளை நீட்டினார். இன்னும் நண்பகலே ஆகவில்லை. நண்பகல் வெப்பநிலை தயாராக இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்தபோது சால்வையைப் போர்த்திக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை. எங்கேயோ ஒரு சாரத்தில் சுத்தியல்கள் நின்றிருக்கும்.

"வானிலை ஆய்வகம் தந்த இன்றைய வெப்பநிலை முப்பத்தொன்பது புள்ளி எட்டு" என்று வாசித்தாள். மூச்சு விட்டாள். "நேயர்களே, இது மரநிழலில், நீரூற்றுக்குப் பக்கத்தில் எடுத்தது. அளக்கும் பெட்டிக்குச் சக்கரம் வைத்துத் தள்ளிக்கொண்டு போவதை இன்று காலை என் கண்ணால் பார்த்தேன். இந்தத் தாளை நான் வாங்கும்போது நண்பகல் ஆகியிருக்கவில்லை. உண்மையான வெயில் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. எவ்வளவு என்று தெரியாத வெயிலில் யாரும் யாரையும் ஏற்ற வேண்டாம். கூரையில் இருப்பவர்கள் தயவுசெய்து இறங்குங்கள். தம்பி, உன் உடம்பில் எந்தக் கோளாறும் இல்லை."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று மேலாளர் இரண்டு கையாலும் அதைத் தட்டிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்துகொண்டு வருவதற்குள் அவளுடைய கைப்பேசி அடித்தது.

"அக்கா, எல்லாரும் இறங்கிட்டோம். மேஸ்திரி குதிக்கிறாரு. தகரத்துல ஒரு நிமிஷம் நின்னு குதிங்கன்னு பசங்க ஏணியைக் காட்டினாங்க. குதிக்கிறதை நிறுத்திட்டாரு."

மேலாளர் வியர்த்துப்போய் நின்றார், அந்தக் குளிர் அறையில். "உண்மையைச் சொல்லு, யார் உன்னைத் தூண்டிவிட்டது? எந்தக் கட்சி? எவ்வளவு நாளா இந்தத் திட்டம்?"

"மழைக்காலத்திலிருந்தே சார்."

"பார்த்தியா! நான் அப்பவே நெனச்சேன்!"

"மழைக்காலத்திலிருந்தே எனக்குச் சந்தேகம் இருந்துச்சுன்னு சொல்றேன். அன்னைக்கே போய்ப் பார்த்திருந்தா அந்தச் செருப்பு தைக்கிறவரு இன்னைக்கு உயிரோட இருந்திருப்பாரு. பெட்டியை நகர்த்தினவங்க பாதிதான் சார் செஞ்சாங்க, மீதியை நான்தான் செஞ்சேன்." அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "சந்தேகப்படறது தப்பே இல்ல. சந்தேகம் வந்த பிறகும் கேக்காம இருக்கறதுதான் தப்பு. பொய்னு தோணுற ஒண்ணை ஏத்த இறக்கத்தோட அழகா வாசிச்சா, அதுக்குப் பேரு குரல்வளம் இல்ல சார். உடந்தை."