காரணம் கூறுக, இரண்டு மதிப்பெண்

வாத்தியாருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. இதை அவரே சொல்வார். கேக் செய்து விற்கும் அவர் மனைவிக்குப் பதினாறு வருஷமாக இதைக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது. கையிலிருந்து கரண்டி நழுவினால் குனிந்து எடுக்கமாட்டார், அது ஏன் விழுந்தது என்று விளக்குவார். எடுப்பது அவள் வேலை.

அன்றைக்கு ஒரு பெரிய ஓட்டலின் ஆண்டு விழாவுக்கு மூன்றடுக்கு கேக். "இது மட்டும் நல்லா வந்துட்டா, இனிமே எங்க ஓட்டலுக்கு எல்லா கேக்கும் நீங்கதான்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அக்கம்பக்கத்துப் பிறந்தநாள் கேக்கிலேயே காலம் தள்ளியவளுக்கு இது லேசுப்பட்ட விஷயமா? இரண்டு நாள் இடுப்பொடிய நின்று செய்தாள். கடைசி நேரத்தில், வழக்கமாக வரும் வேன்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் புருஷனின் காரைக் கேட்டுத் தொலைத்தாள்.

"டிக்கியில ரப்பர் விரிப்பு போட்டு வைங்க. வேன்காரர் அப்படித்தான் வைப்பார்."

"வேன்காரர் எத்தனாவது வரைக்கும் படிச்சாராம்?" வாத்தியார் மூக்கால் சிரித்தார். "டிக்கி குலுங்கும். பின்சீட்டுன்னா மெத்தை. அதோட இது எட்டு கிலோ. கனமான பொருளுக்கு நிலைமம் அதிகம். இருந்த இடத்துலயே இருக்கும், அசையாது. உனக்கு எங்க புரியப்போகுது."

"நிக்கறப்ப அசையாது, சரி. ஓடிக்கிட்டு இருக்கறப்ப?"

பதில் தெரியாத கேள்வி வந்தால் வாத்தியாருக்குக் காது கேட்காது.

பின்சீட்டு சரிவாக இருந்தது. மேதை அதற்கும் வழி வைத்திருந்தார். திருத்தி முடித்த விடைத்தாள் கட்டைப் பிரித்து அடியில் பரப்பி, கேக் பெட்டியை மட்டமாக்கினார். வழவழ தாள், அதன் மேல் வழவழ அட்டை.

"நான் பின்னால உக்காந்து பிடிச்சுக்கறேங்க."

"அப்ப என் பேச்சுல நம்பிக்கை இல்ல?"

வம்பு எதற்கு என்று வாயை மூடிக்கொண்டு முன்னால் ஏறினாள். அதற்காக இன்றைக்கும் தன்னைத்தானே திட்டிக்கொள்கிறாள்.

வழி நெடுக வாத்தியார் ஒற்றைக் கையால் ஓட்டி, மற்றக் கையால் பாடம் நடத்தினார். டயருக்கும் சாலைக்கும் உள்ள உராய்வுக்கு வந்தபோது சிக்னல் சிவப்பாகி வெகுநேரமாகியிருந்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தார். கார் நின்றது. கேக் நிற்கவில்லை. தாள்களின் மேல் சறுக்கி, முன்சீட்டின் முதுகில் மோதித் தலைகுப்புறக் கவிழ்ந்தது.

"பெட்டி சரியில்ல," என்றார் வாத்தியார்.

காரை ஓரங்கட்டச் சொல்லி, இறங்கிப் பின்கதவைத் திறந்தாள். மூன்றடுக்கும் கூழாகிக் கிடந்தது. க்ரீம் அப்பிய ஒரு விடைத்தாள் காலடியில் விழ, எடுத்துப் படித்தாள்.

'ஓடும் பேருந்து திடீரென நின்றால் பயணிகள் முன்னால் விழுவது ஏன்? காரணம் கூறுக.' இரண்டு மார்க் கேள்வி. கீழே யாரோ ஒரு பிள்ளை கோணல் கையெழுத்தில் எழுதியிருந்தது: 'பஸ் நின்னாலும் பயணிக்கு அது தெரியாது. அவர் போய்க்கிட்டேதான் இருப்பார்.' பக்கத்தில் சிவப்பு மையில் அரை மார்க். 'நிலைமம் என்ற சொல் இல்லை' என்று ஒரு குறிப்பு வேறு.

"இந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள். "வேன்காரருக்கும் தெரிஞ்சிருக்கு."

"அதில்ல, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

அவள் காது கொடுக்கவில்லை. போனை எடுத்து ஓட்டல் மேனேஜரின் நம்பரை அழுத்தினாள். மணி அடிக்கத் தொடங்கியதும் க்ரீம் ஒட்டிய கையோடு அதை வாத்தியாரிடம் நீட்டினாள்.

"காரணம் கூறுங்க. நிலைமம்னு மறக்காம சொல்லுங்க, இல்லாட்டி அரை மார்க்தான்."

மறுமுனையில் மேனேஜர் "ஹலோ, கேக் கிளம்பிடுச்சா?" என்றார். வாத்தியார் போனைக் காதில் வைத்து "பெட்டி..." என்று ஆரம்பித்தவர், அவள் தூக்கிக் காட்டிய விடைத்தாளைப் பார்த்துவிட்டு, "நிலைமம் சார்," என்றார்.