பரவாயில்லை என்று எழுதலாமா?

1

இந்தக் கதை குப்பைத்தொட்டியிலிருந்து வந்தது. உண்மையாகவே. இங்கிலாந்தில் பான்ஸ்லிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சின்ன ஊரில் மறுநாள் குப்பை வண்டி வரும் நாள். சாயங்காலம் தொட்டியைத் தெருவுக்கு உருட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு வாசலில் நெவில் யாரிடமோ மூன்று சொல் சொன்னது காதில் விழுந்தது. "யூ ஆர் ஆல்ரைட்." அந்த நேரம் பார்த்து ஒரு பேருந்து குறுக்கே போயிற்று. அது போன பிறகு பார்த்தால் நெவிலின் கதவு சாத்தியிருந்தது. அவர் சாத்தினாரா, காற்று சாத்தியதா, தெரியாது.

ஆஸ்பத்திரியில் தமிழர்களுக்கும் டாக்டர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. ஒரு சொல் பிடிபடாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: சுரங்கம் மூடிப்போன ஊரில் மழை

(வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோருமே மழையில்தான் ஆரம்பிக்கிறார்கள்.)

இரண்டாவது தொடக்கம்: ஒரு தாய் வயிற்றில் பிறந்த இருவர், அவர்களுக்குள்

(இதுவும் ஆகாது. நேராகவே சொல்லிவிடுகிறேன்.)

நெவில் அண்ணன், கிளைவ் தம்பி. இருவரும் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர்கள். எண்பத்து நாலில் தொடங்கிய பெரிய வேலைநிறுத்தத்தில் நெவில் கடைசிவரை நின்றார். கிளைவின் கைக்குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டியது. சுரங்கத்து வீட்டிலேயே அடுப்பில் போடக் கரி இல்லாத குளிர்காலம் அது. கிளைவ் வேலைக்குத் திரும்பினார். கருங்காலி ஆனார்.*

* இந்த ஊர்க்காரர்கள் அப்படிப்பட்டவரைப் புண்ணின் பொருக்கு என்பார்கள். நம்முடையது எவ்வளவோ தேவலை, மரத்தின் பெயராவது.

இந்த ஊரில் எதிர்ப்படுகிறவர் "ஆல்ரைட்?" என்பார். நாம் "ஆல்ரைட்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். குசலம் அவ்வளவுதான். கருங்காலிக்கு விதித்த தண்டனை அந்தப் பதிலைக் கொடுக்காமல் போவது. கிளைவ் விஷயத்தில் மற்றவர்கள் ஒவ்வொருவராக இளகினார்கள், இல்லாவிட்டால் செத்துப்போனார்கள். நெவில் இரண்டையும் செய்யவில்லை. அன்றிலிருந்து தம்பியிடம் ஒரு சொல் பேசியதில்லை.

3

இந்தச் சொல்மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு. குடிவந்த புதிதில் நெவிலிடம் முறுக்கு நீட்டினேன். "யூ ஆர் ஆல்ரைட்" என்றார். என்னை மெச்சுகிறார் என்று நினைத்து டப்பாவோடு கொடுத்துவிட்டேன். வேண்டாம் என்றிருக்கிறார். அது புரிவதற்குள் அவர் நிறைய முறுக்குத் தின்னவேண்டியதாயிற்று.

பிறகொரு நாள் காரைப் பின்னால் எடுக்கையில் அவர் சுவரை இடித்துவிட்டேன். அப்போதும் அதையேதான் சொன்னார். அது மன்னிப்பு. அவர் மகள் கட்டிக்கொண்ட பையனைப் பற்றி நான் கேட்டபோது "அவன் ஆல்ரைட்" என்றார். இந்த ஊரில் அதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது.

4

அன்று சாயங்காலம் வாசலில் நின்றது கிளைவ்தான். தொட்டியும் கையுமாக நின்ற என்னிடம் வந்தார். உள்ளே கூட்டிப்போய்த் தேநீர் போட்டேன். மறுநாள் நெவிலுக்கு ஷெஃபீல்டில் இதய ஆபரேஷன். பிழைப்பார் என்று டாக்டர்களே அடித்துச் சொல்லவில்லை. கேள்விப்பட்டு வந்த கிளைவ், காலையில் தன் காரில் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறார். அதற்கு வந்த பதில்தான் அந்த மூன்று சொல்.

"கண்ணு, நீ பாஷை தெரிஞ்சவ. அவன் என்ன சொன்னான்?" என்றார். (பஸ் ஓட்டுகிறவரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்.)

"அது உங்க பாஷை, கிளைவ்."

"அதான் கேக்குறேன்."

முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். பிறந்ததிலிருந்தே அவனுக்கு ஒரே முகம்தான் என்றார்.

5

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். 'வேண்டாம், போ' என்று தமிழில் எழுதினால் கிளைவ் வீட்டுக்குப் போய்விடுவார். 'நீ நல்லவன்தான்டா' என்று எழுதினால் காலையில் கார் வந்து நிற்கும். 'பரவாயில்லை' என்று எழுதித் தப்பிக்கலாம். இன்னொரு தோசை வேண்டாம் என்பதற்கும், காலை மிதித்தவரை விட்டுவிடுவதற்கும், மருமகள் சமையலை மெச்சுவதற்கும் நம்மிடம் அந்த ஒரு சொல்தானே இருக்கிறது. நான் தப்பிக்கலாம். கிளைவ் எப்படித் தப்பிப்பார்? ஆபரேஷன் நாளைக்கு.

ஒரு முடிவு: "அவர் உங்களை மன்னிச்சிட்டார்" என்று நான் சொல்ல, கிளைவ் கண்ணைத் துடைத்துக்கொண்டு

(பொய். நான் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாததைச் சேர்த்து மொழிபெயர்க்கக் கூடாது என்பது என் வேலையின் முதல் பாடம்.)

தெரியவில்லை என்றுதான் சொன்னேன். கிளைவ் தேநீரைக் குடித்து முடித்தார். கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்தார்.

"வேணாம்னே சொல்லியிருக்கட்டும், கண்ணு. எங்கிட்டதானே சொன்னான்."

அந்தச் சொல்லை அத்தனை புரட்டுப் புரட்டிய நான் இதைப் பார்க்கவே இல்லை.

6

அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் விடிந்துவிட்டது.

நெவில் வீட்டு வாசலில் கிளைவின் பழைய சிவப்புக் கார் நின்றது. அதன் பின்னால் நெவில் சொல்லிவைத்திருந்த டாக்ஸியும் நின்றது. நெவில் பையோடு வெளியே வந்து கதவைப் பூட்டினார். கிளைவ் கார்க் கண்ணாடியை இறக்கினார். "ஆல்ரைட்?" என்றுதான் கேட்டிருப்பார், வேறென்ன கேட்கத் தெரியும்?

நெவிலின் வாய் அசைந்தது.

என் சன்னல் மூடியிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. திறந்திருக்கலாம், கை கொக்கிவரை போயிற்று. ஆனால் அங்கே மொழிபெயர்க்க யாரும் என்னைக் கூப்பிடவில்லை. திரையை இழுத்து மூடினேன்.

சற்று நேரத்தில் இரண்டு காரும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும் சத்தம் கேட்டது. ஒன்றில் ஓட்டுகிறவர் மட்டும்தான் இருந்திருப்பார். அவர் யார் என்று நீங்கள் எழுதுங்கள்.