என் தலையைக் கொடுப்பதாகச் சொன்ன கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனதில் ஊறி வந்ததல்ல. ஒரு பத்திரிகையின் தன்னம்பிக்கைச் சிறப்பிதழுக்காகக் கேட்டார்கள். "கம்ஃபர்ட் ஜோனை விட்டு வெளிய வர்ற மாதிரி ஒண்ணு குடுங்க சார். படிச்சதும் வாசகர் எழுந்து நிக்கணும்" என்றார் உதவி ஆசிரியர். நானே எழுந்து நின்று நாளாகிறது. உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போய்விட்டது. இருந்தாலும் சரி என்றேன். முடியாது என்று சொல்லவும் ஒரு தெம்பு வேண்டுமே.

கதாநாயகிக்காக அலையவில்லை. வீட்டிலேயே இருந்தாள். என் மச்சினி, மனைவியின் தங்கை, எங்களோடுதான் இருக்கிறாள். ஒரு சலூனில் நான்கு வருஷமாக வேலை. வருகிறவர்களுக்குத் தலை அலசிவிடுவாள், துண்டு மடிப்பாள், உதிர்ந்த முடியைக் கூட்டுவாள். முடிவெட்டப் பயிற்சி முடித்தவள்தான், ஆனால் கடையில் கத்தரியைத் தொட்டதில்லை. போன வாரம் முதலாளியம்மா சொல்லிவிட்டார்: "திங்கக்கிழமையிலேர்ந்து நீயும் வெட்டணும். இல்லேன்னா அலசறதுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

இன்று ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து அறையில் நாற்காலி போட்டு, தரையில் பழைய போர்வை விரித்து, பீரோவிலிருந்து கண்ணாடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். வெட்டிப் பார்க்கப்போவது என் தலையை. ஒரே ஒரு பத்தி எழுதிவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அந்தப் பத்தி எப்போதோ முடிந்துவிட்டது.

2

தொடக்கங்கள்.

"அவள் கை நடுங்கியது. விரல்களுக்கிடையே கத்தரி ஒரு" — ஒரு என்ன? பறவையா? சே.

"அன்று காலை கண்ணாடியைப் பார்த்து, என்னால் முடியும் என்று தனக்குத்தானே" — நிஜத்தில் யாராவது அப்படிச் சொல்லிக்கொள்கிறார்களா? எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

"ஐந்து வயதில் அவளுக்கு நேர்ந்த அந்த" — ஐந்து வயதில் அவளுக்கு ஒன்றும் நேரவில்லை. சளி பிடித்திருக்கலாம்.

[இது எங்கள் தொழிலின் வியாதி. ஒருத்தி பயந்தால் அதற்கு ஒரு பழைய காரணத்தைத் தோண்டியெடுத்துக் கையில் கொடுக்காமல் விடமாட்டோம்.]

இந்த இடத்தில் அவளே வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"யாருக்கு மாமா கை நடுங்குது?"

"கதையில வர்ற பொண்ணுக்கு."

"அந்தப் பொண்ணு என்ன வேலை பாக்குது?"

"தலை அலசற வேலை."

"அப்ப நான்தான். எனக்கு எங்க கை நடுங்குது? பொம்மைத் தலையில எவ்வளவு வெட்டியிருக்கேன் தெரியுமா?"

"அப்புறம் எதுக்குத்தான் பயப்படற?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"அலசும்போது எல்லாரும் கண்ணை மூடிக்குவாங்க மாமா. தலை பின்னால சாஞ்சிருக்கும், முகம் எனக்குத் தலைகீழாத் தெரியும். எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி, அப்படியே தூங்கிடுவாங்க. அங்க நான் ராணி. அதே ஆள் எழுந்து போய் வெட்டற நாற்காலியில உக்காந்தா, கண்ணாடியில கையையே பாப்பாங்க. ஒவ்வொரு தடவை கத்தரி போடும்போதும் புருவம் மேல ஏறும். அந்தப் புருவத்தைத்தான் என்னால தாங்க முடியாது."

நான் மூன்று தொடக்கம் எழுதியிருந்தேன். மூன்றிலும் புருவம் இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

"அதுக்கு உங்க அக்கா தலையிலயே வெட்டிப் பாக்கலாமே" என்றேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டதாக நினைப்பு.

"அக்கா பாசத்துல கண்ணை மூடிக்குவா. எப்படி வெட்டினாலும் நல்லாயிருக்குன்னுதான் சொல்லுவா. எனக்கு உங்க புருவம்தான் வேணும். நீங்க எதையாவது நல்லாயிருக்குன்னு சொல்லி நான் கேட்டதே இல்லை. கண்ணை மட்டும் மூடிடக் கூடாது மாமா. முழிச்சுப் பாத்துக்கிட்டே இருக்கணும். சரியா?"

சரி என்று சொல்லி அனுப்பிவிட்டு, கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டேன்.

3

இப்போது எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. அவள் மேல் இல்லை. அந்த மாமா மேல்.

அவனுக்கு முன்னந்தலை காலியாகிப் பல வருஷம் ஆகிறது. இடது காதுக்கு மேலே இருக்கிற முடியை நீளமாக விட்டு, அதை அப்படியே வலது பக்கம் வரைக்கும் இழுத்துப் படியவைத்திருக்கிறான். புத்தகங்களின் பின்னட்டையில் இருப்பது அந்தத் தலைதான். காற்றடிக்கிற பக்கம் அவன் நிற்பதில்லை. வழக்கமாகப் போகிற முடிவெட்டுகிறவருக்கு எல்லாம் தெரியும். கேள்வியே கேட்காமல் நாற்காலியைக் கண்ணாடியிலிருந்து கொஞ்சம் திருப்பிவிடுவார். இவன் கண்ணை மூடிக்கொள்வான். நுனியை மட்டும் நறுக்கி, முடியை மறுபடி அதன் இடத்தில் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டு, "ஆச்சு சார்" என்பார். குளித்தாலும் முதலில் சீப்பு, பிறகுதான் கண்ணாடி.*

நனைந்தால் அது மொத்தமும் ஒரு பக்கமாகச் சரிந்து காதின்மேல் தொங்கும் என்று ஊகிக்கிறேன். பார்த்ததில்லை.

(அவன், இவன் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன், பார்த்தீர்களா? நான்தான்.)

பிறகு எதற்கு இந்தத் தலையைக் கொடுப்பதாகச் சொன்னேன்? சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வெட்டிப் பார்க்க ஒரு தலை கிடைக்கவில்லை, சிநேகிதிகள் எல்லோரும் நைசாக நழுவிவிட்டார்கள் என்று அவள் சொன்னாள். அன்றுதான் பத்திரிகையிலிருந்து கேட்டிருந்தார்கள். தன்னம்பிக்கை தலைக்கேறியிருந்தது. "என் தலை எதுக்கு இருக்கு? நீ தைரியமா வெட்டு. பயத்தைத் தாண்டினாதான் வாழ்க்கை" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மனைவி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்க தலையா?" என்றாள். அவ்வளவுதான்.

* மனைவிக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். கல்யாணமான புதிதில் ஒருநாள் தலை துவட்டிவிட வந்தாள். நான் துண்டைப் பிடுங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் வந்ததில்லை.

4

முடிவுகள். சிறப்பிதழுக்கு எது தோதாக இருக்கும் என்று நீங்களும் பாருங்கள்.

அ. அவள் பிரமாதமாக வெட்டுகிறாள். எனக்குப் பத்து வயது குறைகிறது. திங்கட்கிழமை முதலாளியம்மா அவள் தோளைத் தட்டிக்கொடுக்கிறார். உதவி ஆசிரியர் அப்படியே போட்டுவிடுவார்.

ஆ. அவள் கன்னாபின்னாவென்று வெட்டிவிடுகிறாள். எல்லோரும் சிரிக்கிறோம், அவளும் சிரிக்கிறாள், பயம் போய்விடுகிறது. உதவி ஆசிரியருக்கு இது இன்னும் பிடிக்கும். பக்கத்தின் ஓரத்தில் பெட்டி கட்டிப் போட ஒரு வாசகமும் கிடைக்கும்.

இ. எனக்கு இடுப்பு வலி. உட்கார முடியவில்லை. அவள் திங்கட்கிழமை நேராகப் போய், முன்பின் தெரியாத ஒருவரின் புருவத்துக்கு முன்னால் நிற்கிறாள். அங்கே —

மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, ரெண்டாவது தடவை தண்ணி சுட வெச்சிருக்கா. இன்னும் என்னதான் எழுதறீங்க?"

"அவளைப் பத்தித்தான்."

"அவளைப் பத்தி எழுதறதுக்கு அவளையே காக்க வெப்பீங்களா? நல்ல கூத்து. வேணாம்னா வேணாம்னு வாயைத் திறந்து சொல்லிடுங்க. நான் போய் உக்காந்துக்கறேன்."

அவளுக்குக் கோபமில்லை. அலுப்பு. இத்தனை வருஷம் என் சீப்புக்காகக் காத்திருந்து, எங்கே போனாலும் தாமதமாகவே போய்ச் சேர்ந்தவளின் அலுப்பு அது. "சொல்லிடட்டா?" என்றாள், கொஞ்சம் மெதுவாக. எனக்கு வெட்கமாக இருந்தது. பத்து நிமிஷம் என்றேன். போய்விட்டாள்.

இ-யை அடித்துவிட்டேன். இடுப்பு வலி நிஜம்தான், இருந்தாலும்.

5

மச்சினி மறுபடி வந்து வாசலில் நிற்கிறாள். தோளில் துண்டு.

"முடிவு மட்டும்தான் பாக்கி" என்கிறேன்.

"என்ன போடப் போறீங்க?"

"நீ நல்லா வெட்டினேன்னு."

"அப்படிப் போடாதீங்க மாமா. கோணலா வந்தாலும் நாளைக்கு நான் போகத்தான் போறேன். புருவத்தைத் தூக்கறவங்க தூக்கட்டும். அதைப் போடுங்க."

"எப்ப முடிவு பண்ணின?"

"இப்பதான். உங்களுக்காகக் காத்துக்கிட்டு அந்தக் கண்ணாடி முன்னாடியே உக்காந்திருந்தேனே, அப்ப. பாக்கறதுக்கு வேற யாருமில்லை. என்னையே நான் பாத்துக்கிட்டிருந்தேன். முதல்ல ஒரு மாதிரியாதான் இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு."

இப்படி ஒரு முடிவை நான் யோசிக்கவே இல்லை. அவள் சொன்னபடியே போட்டுவிட்டேன். அவள் கதை அத்தோடு முடிகிறது. உதவி ஆசிரியர் விரும்பினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

"அப்ப நான் வரணுமா?" என்று கேட்டேன். கேட்டேன்தான், மறைக்கவில்லை.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என் தலையைப் பார்த்தாள். நான் எதை எதன் மேல் இழுத்துவிட்டிருக்கிறேன் என்பது தொழில் தெரிந்தவளுக்கு முதல் நாளிலேயே தெரிந்திருக்கும்.

"உங்க இஷ்டம் மாமா. தண்ணி ஆறதுக்குள்ள சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் நாளைக்குப் போவாள், அது நிச்சயம். நான் அந்த அறைக்குப் போவேனா, போனாலும் கண்ணைத் திறந்து வைத்திருப்பேனா, அதுதான் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இத்தனை பக்கங்களில் இந்த ஒரு வரியைத்தான் யோசிக்காமல் எழுதினேன்.

அடுத்த வரியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னை நாற்காலியில் உட்காரவைப்பதென்றால் ஒரே ஒரு வேண்டுகோள்: தலையை நனைத்த பிறகு, என் மனைவியையும் அந்த அறைக்குள் கூப்பிடுங்கள். நான் கூப்பிடமாட்டேன், எனக்குத் தெரியும்.