ஆல்டன் யார்னலின் கை

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் என்னுடையது. போரையும் வன்முறையையும் மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவான எங்கள் குவேக்கர் கூட்டத்தில் ஒருவர் இறந்தால், அவரைப் பற்றி ஒரு பக்க நினைவுக் குறிப்பு எழுதி, ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னும் வாசித்து ஏட்டில் சேர்ப்போம். ஆல்டன் யார்னல் போன மாதம் இறந்தார். எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மூன்று வாரமாக உட்கார்ந்தும் குறிப்பு வராமல் இதுதான் வருகிறது.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

“எண்பத்தாறு வருட வாழ்வில் ஒரு மனிதர் மீதும் கை—”

(இல்லை.)

“பத்தொன்பது வயதில் போருக்குப் போக மறுத்துச் சிறை சென்றவர். பிறகு முப்பத்தோரு முறை கைதானவர்…”

இது உண்மை. ஏழு முறை நானும் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஆனால் உண்மைகளை வரிசையாக அடுக்கினால் நடுவில் ஒரு பொய் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். அதனால் வாசகரே, என்னைச் சந்தேகப்பட்டே படியுங்கள்.

3

ஆறு வருடத்துக்கு முன், ஒரு பிப்ரவரி. ஏவுகணைக்குப் பாகங்கள் செய்யும் ஆலையின் வாசல். பனி உறைந்த சாலையில் லாரிகளை மறித்து ஆறு பேர் நின்றோம். காவலாளி டூகன் வந்தார். வருடக்கணக்காக எங்களை விரட்டிப் பழகியவர்.

“மறுபடியுமா ஆல்டன்? இன்னிக்கு என் பேத்தி பொறந்தநாளுய்யா. நாலு மணிக்கு நான் வீட்ல இருக்கணும்.”

“அப்போ சீக்கிரம் போலீசக் கூப்பிடு. கேக்குல எனக்கும் ஒரு துண்டு எடுத்து வை.”

எல்லோரும் சிரித்தோம். பிறகு கண்ணை மூடி மௌன வழிபாட்டில் இறங்கினோம். அடுத்து கேட்டது டூகனின் அலறல். இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். “ஆல்டன் தள்ளிட்டான்” என்றார்.

(வேறெந்தப் போராட்டக் கும்பலிலும் இது நடக்காது. ஆறு பேர் அங்கேயே நிற்கிறார்கள், ஆறு பேரும் கண்ணை மூடியிருந்ததாகச் சொல்கிறார்கள்.)

4

நீதிபதி கேட்டார்: “நீங்க அவரத் தள்ளினீங்களா?”

உள்ளே பதில் தெளிவாகும்வரை வாய் திறப்பது எங்கள் வழக்கமில்லை. ஆல்டன் காத்திருந்தார். நான்கு நிமிடம். வக்கீல் நெளிந்தார். நீதிபதி எதையோ எழுதிக்கொண்டார்.

“தெரியல, நண்பரே. கண்ண மூடியிருந்தேன். தோள்ல ஒரு கை விழுந்துச்சு, என் கை எழும்புச்சு. தள்ளவா, பிடிக்கவான்னு எனக்கே தெரியல.”

வேறு யாராக இருந்தாலும் ‘பிடிக்கத்தான்’ என்று சொல்லித் தப்பியிருப்பார்கள். ஆறு மாதம் உள்ளே போட்டார்கள். அந்த நான்கு நிமிடத்தில் அவர் உண்மையைத் தேடினாரா, வார்த்தையைத் தேடினாரா? நானே சந்தேகப்பட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

5

சிறையில் பார்க்கப் போனேன்.

“லோயிஸ், நீ பக்கத்துல நின்னியே. ஏதாவது பாத்தியா? எனக்குள்ள ஒரு அடியாள் இருக்கான். அறுபது வருஷமா அவன வெளிய விடாமப் பாத்துக்கிட்டேன். அன்னிக்கு வந்துட்டானான்னு தெரியணும். வந்திருந்தா டூகன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்.”

“கண்ண மூடியிருந்தேன் ஆல்டன்.”

எங்களில் யாரும் சத்தியம் செய்வதில்லை. சொன்ன சொல்லே போதும். அந்த வசதியில்தான் என் பொய் தப்பித்தது. அவர் தலையாட்டிவிட்டு, தன் மனைவி ஃபீபியின் முட்டிவலியைப் பற்றி விசாரித்தார்.

என் கண் திறந்திருந்தது. நாற்பது வருடமாக மௌனத்தில் நான் ஓரக்கண்ணால் பார்க்கிறவள்.

6

முடிவு ஒன்று: டூகன் வழுக்கினார், ஆல்டன் பிடிக்கப் போனார்.

முடிவு இரண்டு: தோளில் கை விழுந்ததும் ஆல்டன் முகம் நான் பார்த்தேயிராத ஒரு முகமாக மாறியது. அவர் தள்ளினார். அரை நொடிதான்.

முதலாவதைப் பார்த்திருந்தால் நீதிமன்றத்திலேயே எழுந்து கத்தியிருப்பேனே. நீங்கள் இதை எப்போதோ கண்டுபிடித்திருப்பீர்கள்.

அவருடைய பெயரைக் காப்பாற்றினேன் என்று நினைத்திருந்தேன். அவர் கேட்க நினைத்த மன்னிப்பைத்தான் பிடுங்கிக்கொண்டேன். போன மாதம் ஆல்டனுக்கு நடந்த நினைவுக் கூட்டத்துக்கு டூகன் கோல் ஊன்றி வந்தார். எங்கள் ஆட்கள் யாரும் அவருக்குப் பக்கத்தில் உட்காரவில்லை.

“ஆறு வருஷமா உங்க ஆளுங்க என்னயப் பொய்யன்னு சொல்றாங்க லோயிஸ். எனக்கு அவன் மேல கோபமே இல்ல. பொய்யன் ஆனதுதான் தாங்கல.”

நான் அவருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

7

கடைசியில் குறிப்பையும் எழுதி முடித்துவிட்டேன். நன்றாகவே வந்திருக்கிறது. அதில் பிப்ரவரி இல்லை. ஃபீபிக்கு எண்பத்துநான்கு வயது, முன்வரிசையில் உட்காருவாள்.

ஞாயிறு பத்து மணி. நான் வாசித்து முடித்ததும், கூட்டத்தை நடத்தும் சைரஸ் “எல்லாருக்கும் சம்மதமா?” என்று கேட்பார். நாங்கள் வாக்கெடுப்பதில்லை. ஒரே ஒருவர் எழுந்து ‘இல்லை’ என்றாலும் குறிப்பு நின்றுவிடும். அங்கே இருப்பவர்களில் யாருக்கும் எதுவும் தெரியாது. டூகனைப் பொய்யன் என்றே முடிவுகட்டிவிட்டார்கள், அவர் பேச்சு எடுபடாது. எனக்குத் தைரியம் வரும் என்று நான் நம்பவில்லை.

ஆனால் வாசகரே, உங்களுக்குத் தெரியும். கடைசி பெஞ்சில் இடம் இருக்கிறது. சைரஸ் கேட்டுவிட்டு ஒரு நிமிடமாவது காத்திருப்பார்.